சந்தனத்துக்கு ஒரு துணைச்செடி





எங்கள் வீட்டுப் பூஜை மாடத்தில் ஒரு சந்தனக் கட்டை இருக்கிறது. அம்மாயி தன் கடைசிக் காலத்தில் அம்மாவிடம் கொடுத்தது. நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் அது ஒரு கைப்பிடி நீளம் இருந்தது. இன்று என் கட்டைவிரல் அளவுதான். காதுகுத்து, நிச்சயதார்த்தம், கல்யாணம், வளைகாப்பு என்று எங்கள் குடும்பத்தின் நல்ல நாட்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தனக் கல்லில் இழைந்து கரைந்திருக்கிறது. போன மாதம் ஒரு காலை, அதைக் கையில் எடுத்தபடி அம்மாவிடம் கேட்டேன்: "இந்தக் கட்டை எங்கேம்மா வாங்கினது?"

"கொள்ளேகால் மரம்னு எங்கம்மா சொல்லுவாங்க கண்ணு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. மேட்டூரில் பேருந்து ஏறி, கொளத்தூர், கோவிந்தபாடி தாண்டி, பாலாற்றுச் சோதனைச்சாவடியில் இறங்கி நின்றேன். வேலூர்ப் பக்கம் ஓடும் பாலாறு அல்ல இது. மாதேஸ்வரன் மலைப் பக்கமிருந்து இறங்கிவந்து காவிரியில் சேரும் சிற்றாறு. தமிழ்நாட்டுக்கும் கர்நாடகாவுக்கும் இதுதான் எல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மொழியில் பெயர்ப்பலகை, அந்தப் பக்கம் வேறு மொழியில். காடு மட்டும் இரண்டு கரையிலும் ஒரே காடு. மூங்கிலும் முள்ளுமாக வறண்டு கிடக்கும் அந்தச் சரிவுகளைப் பார்க்கிறவர்களுக்கு, உலகத்தின் மிக விலையுயர்ந்த மரங்களில் ஒன்று இங்கே தானாக முளைத்து வளர்ந்தது என்று சொன்னால் நம்பத் தோன்றாது.

அம்மாயி சொன்ன 'கொள்ளேகால்' ஒரு காலத்தில் நம் பக்கத்து ஊர்தான். 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் தாலுகா சென்னை மாநிலத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மைசூர் மாவட்டத்துக்குப் போனது. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதற்குள் வந்தது. மரம் நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கு உரிமை கொண்டாடியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். சந்தனத்தின் முழு வரலாறும் ஏறக்குறைய இதுதான்.

பாலாற்றிலிருந்து மலை ஏறி, கொள்ளேகால் வழியாக மைசூருக்குப் போனேன். அங்கே அசோகபுரத்தில், வனத்துறையின் ஆரண்ய பவன் வளாகத்தில், 2020-ல் ஒரு சந்தன அருங்காட்சியகம் திறக்கப்பட்டிருக்கிறது. சந்தனத்தின் வரலாறு, வளரும் விதம், மரத்தின் வகைகள், அதிலிருந்து கிடைக்கும் பொருட்கள் ஆகியவற்றை மக்களுக்கு, முக்கியமாக அதைப் பயிரிட நினைக்கும் விவசாயிகளுக்கு எடுத்துச்சொல்வது அதன் நோக்கம். அரண்மனையும் மிருகக்காட்சிச்சாலையும் பார்த்துவிட்டுத் திரும்பும் நம் மக்கள் இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். மைசூரின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனதில் அரண்மனைக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இந்த மரத்துக்கும் உண்டு.

1792-ல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்கு உரிய மரம் என்று அறிவித்ததாக வரலாறு சொல்கிறது. அதற்குப் பின் ஆட்சிகள் மாறின. அந்த விதி நெடுங்காலம் மாறவில்லை. யார் நிலத்தில் முளைத்தாலும் சந்தனம் அரசாங்கத்துடையதாகவே இருந்தது. உடையார்கள் காலத்தில் மைசூர்க் கஜானாவின் பெரிய வருமானங்களில் ஒன்று சந்தன ஏலம். கட்டைகள் கப்பலேறி ஜெர்மனிக்குப் போகும். அங்கே எண்ணெய் வடிப்பார்கள். 1914-ல் உலகப்போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. மைசூர்க் கிடங்குகளில் கட்டைகள் குவிந்தன, வாங்க ஆளில்லை.

வேறொரு அரசாங்கமாக இருந்தால் போர் முடியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விஸ்வேஸ்வரய்யாவும் அப்படி உட்காரவில்லை. எண்ணெயை இங்கேயே வடித்தால் என்ன என்று கேட்டார்கள். தொழில்துறை இயக்குநராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டனும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்சனும் அதற்கு வழி கண்டார்கள். 1916-ல் சந்தன எண்ணெய்த் தொழில் பிறந்தது. மைசூரில் ஆலை எழுந்தது. சோப்பு செய்யும் நுட்பத்தைக் கற்றுவர எஸ்.ஜி. சாஸ்திரி என்ற இளம் வேதியியலாளரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து உருவாக்கியதுதான், யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபத்தைச் சின்னமாகத் தாங்கி, 1918-லிருந்து இன்றுவரை நம் குளியலறைகளில் மணக்கும் மைசூர் சாண்டல் சோப். 2006-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சந்தனத் தொழிலில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் மொழி. மற்ற மரங்களை வெட்டுவார்கள். சந்தனத்தை வேரோடு தோண்டி எடுப்பார்கள். எண்ணெய் வேரிலும் இருப்பதால் ஒரு துண்டையும் மண்ணில் விட மாட்டார்கள். கிடங்குக்கு வந்ததும் மரத்தின் வெளிப்பகுதியான வெளிறு முழுவதையும் செதுக்கித் தள்ளுவார்கள். வெளிறுக்கு மணம் இல்லை, உள்ளே இருக்கும் வைரத்துக்குத்தான் மணம். பிறகு தரம் பிரிப்பார்கள். ஒரு டன்னுக்கு 112 கட்டைகளுக்கு மேல் போகாதபடி, ஒவ்வொன்றும் 9 கிலோவுக்குக் குறையாமல், பழுதில்லாமல் இருந்தால் அது 'விலாயத் புத்'. நாம் சீமை என்று சொல்கிறோமே, அதுதான் விலாயத். ஐரோப்பாவுக்கு ஏற்ற முதல் தரம். டன்னுக்கு 224 வரை என்றால் 'சீனா புத்'. 448 வரை என்றால் 'பஞ்சம்'. இப்படியே இறங்கி, வேர், சிராய், மரத்தூள் வரை 18 தரங்கள். பெயரைக் கேட்டாலே அந்தக் கட்டை எந்தக் கடலைத் தாண்டப்போகிறது என்று தெரிந்துவிடும். நம் திருப்பத்தூர், சேலம், சத்தியமங்கலம் சந்தனக் கிடங்குகளிலும் புழங்கியது இந்தப் பேச்சுதான். ஒரு கட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லவும், செதுக்கும்போது வரும் மணத்தை வைத்தே வைரத்தின் தரம் சொல்லவும் தெரிந்த பெரியவர்கள் இந்தக் கிடங்குகளில் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சு எத்தனை ஒலிநாடாக்களில் பதிந்திருக்கிறது? இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது.

இனி சொல்லப்போவது மணம் இல்லாத பகுதி. இதை விட்டுவிட்டுச் சந்தனத்தைப் பற்றிப் பேசினால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்தவன் ஆகமாட்டேன்.

1899-ல் குடகில் சந்தன மரங்களை ஒரு நோய் தாக்கியது கண்டறியப்பட்டது. இலைகள் சிறுத்து, முள் போலக் குவிந்து, மரம் இரண்டு மூன்று ஆண்டுகளில் பட்டுப்போகும். 'ஸ்பைக்' நோய் என்பார்கள். அதற்கு இன்றுவரை முழுமையான மருந்து இல்லை. ஆனால் நோயைவிடப் பெரிய கேட்டைச் செய்தது சட்டமும் பேராசையும் சேர்ந்துதான். உன் வயலில் முளைத்த சந்தனம் உன்னுடையது அல்ல. ஆனால் அது திருடுபோனால் விசாரணை உன் வாசலுக்கு வரும். இப்படி ஒரு நிலை இருந்தால் விவசாயி என்ன செய்வார்? கன்றாக இருக்கும்போதே பிடுங்கி எறிவார். அப்படித்தான் செய்தார்கள். ஊருக்குள் சந்தனம் அற்றுப்போனது. காட்டில் மிச்சமிருந்ததன் விலை ஏற ஏற, அதைத் தேடி இரவில் காட்டுக்குள் நுழைந்தவர்களின் எண்ணிக்கையும் ஏறியது. 1950-களில் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 4,000 டன் கிடைத்த சந்தனம், புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் சில நூறு டன்னாகச் சுருங்கியது.

அந்த இடைவெளியில்தான் பாலாறு செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வந்தது. 1993 ஏப்ரல் 9. சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைத் தேடிச் சென்ற குழுவைக் குறிவைத்து, பாலாற்றின் அருகே மண்ணுக்குள் புதைத்திருந்த கண்ணிவெடிகள் வெடித்தன. போலீசாரும், வனக்காவலர்களும், வழிகாட்டச் சென்ற ஊர்க்காரர்களுமாக 22 பேர் இறந்தார்கள். அதற்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, 1991 நவம்பர் 10 அன்று, வன அதிகாரி பி. சீனிவாஸ் இதே மலைப்பகுதியில் நயவஞ்சகமாகக் கொல்லப்பட்டார். வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தத்தில் மக்களுக்குக் கோயில் கட்டிக்கொடுத்து, சரணடைய விரும்புகிறவர்களுக்குப் புது வாழ்வு அமைத்துத் தர முயன்ற மனிதர் அவர். நாடு அவருக்குக் கீர்த்தி சக்ரா கொடுத்தது. கோபிநத்தம் மக்கள் அவரை நெஞ்சில் வைத்திருக்கிறார்கள்.

காக்கி உடுத்தியவர்கள் மட்டும் இறக்கவில்லை. காக்கி உடுத்தியவர்களால் வதைபட்டவர்களும் இருக்கிறார்கள். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டைகளைத் தேடுகிறோம் என்று தருமபுரி மாவட்டத்து வாச்சாத்திக்குள் நுழைந்த அரசுப் படை, அந்த மலைவாழ் மக்களின் வீடுகளைச் சூறையாடி, 18 பெண்களை வன்கொடுமைக்கு ஆளாக்கியது. 269 பேர் மீது வழக்கு நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முதல் தீர்ப்புக்கே 19 ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி நின்ற அந்தப் பெண்களை நினைக்கும்போது கைகூப்பத் தோன்றுகிறது. வீரப்பன் தேடுதல் வேட்டையில் எல்லையோரக் கிராமங்களில் நடந்த கொடுமைகளை விசாரித்த தேசிய மனித உரிமை ஆணையம், 2007-ல் 89 பேருக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்த மக்களின் துயரத்தை ச. பாலமுருகன் 'சோளகர் தொட்டி' நாவலாக எழுதினார். 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டதோடு வேட்டை முடிந்தது. காயங்கள் அன்றோடு முடிந்துவிடவில்லை.

பாலாற்றுப் பாலத்தில் நின்றபோது என் மனதில் ஓடியது இதுதான். எங்கள் வீட்டுக் கட்டையின் மணத்துக்குள் இவ்வளவும் இருக்கிறது. ஒரு மரத்துக்கு அருங்காட்சியகம் அமைத்தால், அந்த மரத்தின் வைரத்தை மட்டும் வைத்தால் போதுமா? அதைத் தோண்டிய கை, சுமந்த தோள், காவல் காத்த கண், அதற்காகச் சிந்திய ரத்தம் இவையும் அந்தத் தொழிலின் வரலாறுதானே?

நம் நாட்டில் மரத்தை நினைவில் வைக்கும் இடங்கள் ஏற்கெனவே சில இருக்கின்றன. கோவையில் 1902-ல் வனப் பாதுகாவலர் காஸ் தொடங்கிய வன அருங்காட்சியகம் நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது. கொள்ளேகால் காடுகள் கோவையின் நிர்வாகத்தில் இருந்த காலத்துப் பிள்ளை அது. நிலம்பூரில் 1995-ல் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் தேக்குக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தது. அங்கிருந்து சிறிது தூரத்தில், 1840-களில் மலபார் கலெக்டர் கனோலியின் ஆணைப்படி நட்ட தேக்குத் தோட்டம் இன்னும் நிற்கிறது. அந்த நடவை முன்னின்று நடத்தியவர் சாத்து மேனன். தோட்டத்துக்குக் கலெக்டரின் பெயர் நிலைத்துவிட்டது; ஆனாலும் நிலம்பூர்க்காரர்கள் சாத்து மேனனை மறக்காமல் சொல்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. மரத்தை நினைவில் வைத்தால், நட்டவரையும் நினைவில் வைக்க வேண்டும்.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாய்த் தீவுகள் சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தீவுகளின் சந்தனம் கப்பல் கப்பலாகச் சீனாவுக்குப் போனது. தலைவர்களின் கடனை அடைக்க, குடிமக்கள் வயலை விட்டுவிட்டு மலையேறிச் சந்தனம் வெட்ட வேண்டியிருந்தது. சில பத்து ஆண்டுகளில் மரமும் தீர்ந்தது, வியாபாரமும் தீர்ந்தது. கடல் தாண்டியும் சந்தனத்தின் கதை இப்படித்தான் இருந்திருக்கிறது.

ஆனால் நம் கதை அப்படி முடிய வேண்டியதில்லை. நல்ல செய்தியும் இருக்கிறது. 2001-ல் கர்நாடகமும் 2002-ல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தின. இன்று உங்கள் நிலத்தில் வளரும் சந்தனம் உங்களுடையது. வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறையின் அனுமதி வேண்டும் என்றாலும், கன்றைப் பிடுங்கி எறிய வேண்டிய காலம் போய்விட்டது. மைசூர் அருங்காட்சியகம் விவசாயிகளிடம் பேச விரும்புவதும் அதனால்தான். ஆனால் பொறுமை வேண்டும். வைரம் பிடிக்கத் தொடங்கவே ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகும். நல்ல மணமுள்ள வைரத்துக்கு முப்பது ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். அப்பா நட்டால் பிள்ளைக்கு. தாத்தா நட்டால் பேரனுக்கு.

சந்தனம் வளர்ப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. சந்தனத்தைத் தனியாக நட்டால் அது தேறாது. அதன் இலை பச்சையாக இருந்தாலும், தனக்கு வேண்டிய நீரையும் சத்தையும் முழுவதுமாகத் தானே எடுத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. மண்ணுக்குள் வேரை நீட்டி, பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டு அதிலிருந்துதான் உறிஞ்சும். அதனால் நாற்றங்காலிலேயே ஒரு துவரைச் செடியையோ பொன்னாங்கண்ணியையோ பக்கத்தில் வைப்பார்கள். பிறகு வயலில் சவுக்கோ புங்கமோ துணைக்கு நிற்கும். துணைச்செடி இல்லாத சந்தனக் கன்று சில மாதங்களில் வெளுத்து, வாடி, போய்விடும். யாரும் பெயர் சொல்லாத அந்தத் துவரைதான் சந்தனத்தை உயிரோடு வைத்திருக்கிறது.

அருங்காட்சியகமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். கட்டடமும் கண்ணாடிப் பெட்டியும் அரசாங்கம் கொடுத்துவிடலாம். அதற்கு உயிர் கொடுக்கிற நினைவு நம் வீடுகளில்தான் இருக்கிறது. நம் பரணில் கிடக்கும் பழைய கிடங்குச் சீட்டிலும், தாத்தா தீட்டிவைத்த கைக்கோடாலியிலும், அம்மாயி சொல்லிவிட்டுப்போன ஒரு வரியிலும் இருக்கிறது. அந்த வேர்கள் எட்டாத அருங்காட்சியகம், துவரை இல்லாத சந்தனக் கன்று போல வெளுத்துவிடும்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஜவ்வாது மலையிலோ, சித்தேரியிலோ, சேர்வராயனிலோ, தாளவாடியிலோ, மறையூரிலோ சந்தனத்தோடு வாழ்ந்த பெரியவர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், இந்த விடுமுறையில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். கைபேசியில் அவர் குரலைப் பதிவுசெய்யுங்கள். தரத்தின் பெயர்களைக் கேளுங்கள். கூலி எவ்வளவு என்று கேளுங்கள். பயந்த இரவுகளைப் பற்றி அவராகச் சொன்னால் மட்டும் கேளுங்கள். எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். வெளியிட வேண்டாம் என்று நீங்கள் சொல்வதை வெளியிட மாட்டோம். வெளியிடலாம் என்பதை வரும் இதழ்களில் தொடர்ந்து பதிவுசெய்வோம். தேக்கு, ஈட்டி, பலா என்று உங்கள் ஊர் மரம் வேறாக இருந்தாலும் சரி, உங்கள் ஊர் மரக்கடையின், அறுப்பு ஆலையின், தச்சுப் பட்டறையின் கதை எங்களுக்கு வேண்டும்.

மைசூரிலிருந்து திரும்பியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாலாற்றில் இறந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார். வாச்சாத்தியைப் பற்றிச் சொல்லும்போது வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்துபோய், அந்தக் கட்டைவிரல் அளவுக் கட்டையை எடுத்து ஒரு வெள்ளைத் துணியில் சுற்றினார்.

"இனிமே இதை இழைக்க வேண்டாம். உன் பேத்தி காலத்துக்கு இருக்கட்டும். கதையையும் இதோட எழுதி வச்சிடு" என்றார்.

எழுதி வைத்துவிட்டேன். கொல்லையில் ஒரு சந்தனக் கன்றும் நட்டிருக்கிறோம். பக்கத்திலேயே, மறக்காமல், ஒரு துவரை.

அன்புடன்,
ஆசிரியர்